ஒலிப்புரி, அரக்குத்தட்டு: கிராமபோன் தட்டுகளுக்கான சொற்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய தட்டுகளை அட்டவணைப்படுத்துவதற்கான சொற்கள் குறித்து வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். எல்லாவற்றுக்கும் 'வினைல் தட்டு' என்று ஒரே பெயர் வைத்துவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெயர் தட்டுகளையே அழித்துவிடும் என்பதுதான் காரணம்.

கீழக்கரை, தொண்டி, இராமேசுவரம் பக்கத்து வீடுகளில் பரணிலிருந்து இறங்கும் பெட்டிகளைப் பார்த்துவருகிறேன். மேலே திரைப்பாடல் ஈ.பி.க்கள் (சில பாடல்களே கொண்ட சிறு தட்டுகள்), நாகூர் ஹனிபா பாடல்கள். அடியில் கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், தியாகராஜ பாகவதர் காலத்துக் கனத்த தட்டுகள். அந்த அடித்தட்டுகளில் வினைல் என்னும் பிளாஸ்டிக் இல்லவே இல்லை. புரசு போன்ற மரங்களில் வாழும் பூச்சி சுரக்கும் அரக்கு, கல்மாவு, கரிப்பொடி, பஞ்சிழை ஆகியவற்றைச் சூடாக்கிப் பிசைந்து அழுத்தியவை அவை. உலகம் முழுவதும் தட்டுகளுக்குப் போன அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் விளைந்தது. அரக்கு ஸ்பிரிட்டில், அதாவது ஆல்கஹாலில், கரையும். மரச்சாமானுக்கு மெருகேற்றும் எங்கள் ஊர்த் தச்சர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். வினைலைத் துடைக்கும் சில திரவங்களில் அதே ஆல்கஹால்தான் இருக்கிறது. அட்டையில் 'வினைல்' என்று எழுதிவைத்தால், அடுத்து வருகிறவர் நல்லெண்ணத்தோடு துடைப்பார். பாட்டு துணியோடு போய்விடும்.

ஆகவே 'அரக்குத்தட்டு', 'வினைல்தட்டு' என்ற இரண்டும் தனித்தனியே வேண்டும். அரக்கு முத்திரையும் அரக்கு மாளிகையும் அறிந்த தமிழருக்கு முதல் சொல்லை விளக்கவும் தேவையில்லை.

'78 தட்டு' என்பதே போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். போதாது. 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடிப் பதிவான காலத்தில் நிமிடத்துக்கு 78 சுழற்சி என்ற ஒழுங்கே ஏற்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் நிமிடத்துக்கு எழுபதுக்கும் எண்பதுக்கும் மேற்பட்ட சுழற்சிகளில் ஏதோ ஒரு வேகத்தில் பதிந்தது; ஒலிவாங்கி வழியே பதியும் மின்பதிவு வந்த 1925ஐ ஒட்டித்தான் 78 நிலைபெற்றது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு அனுப்பிய தட்டுகளோ வினைலில் செய்த 78கள். வேகம் ஒரு செய்தி, பொருள் வேறொரு செய்தி. அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். விட்டத்துக்கும் அப்படியே: 10 அங்குல எல்.பி.யும் (நீண்ட நேரம் ஓடும் தட்டு) உண்டு, 12 அங்குல 78உம் உண்டு.

எல்.பி., ஈ.பி. என்பவற்றை மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் எல்.பி.யையும், மறு ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் 7 அங்குல 45ஐயும் கொண்டுவந்தன. அந்த 45இன் அளவிலும் வேகத்திலும்தான் பின்னர் ஈ.பி. வந்தது. கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி கட்டியவர்கள் முதல் கடைக்காரர்கள் வரை அந்த எழுத்துகளைத் தமிழாகவே வழங்கினார்கள். 'குறுந்தட்டு' என்று ஆக்கினால் குறுந்தகட்டோடு மோதும்.

உண்மையில் சொல் தேவைப்படுவது ஊசி ஓடும் அந்தப் பள்ளத்துக்குத்தான். 'வரிகள்', 'கோடுகள்', 'ஒலிச்சால்' என்று மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. மூன்றும் பல பள்ளங்கள் அடுத்தடுத்து இருப்பதாக எண்ண வைக்கின்றன. தட்டின் ஒரு பக்கத்தில் பொதுவாக இருப்பது ஒரே பள்ளம். விளிம்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி, நடுச்சீட்டின் அருகே முடிகிறது. எங்கள் கரையில் சங்கு குளிப்பவர்கள் வலம்புரி, இடம்புரி என்கிறார்களே, அந்தப் 'புரி' இந்த வடிவத்தையே சொல்கிறது. திருகாணியின் சுற்றுக்கும் அதே சொல்தான். எனவே 'ஒலிப்புரி' என்று முன்மொழிகிறேன். 'புரிதல்' என்பதோடு குழம்பும் என்ற ஐயம் எழலாம். 'ஒலி' முன்னால் நிற்கும்போது குழப்பத்துக்கு இடமில்லை.

இதன் பயன் அடுத்த சொல்லில் தெரிகிறது. அரக்குத்தட்டின் புரி அகலமானது. அங்குலத்துக்குச் சுமார் நூறு சுற்று. எல்.பி.யில் இருநூறுக்கும் மேல். அதனால்தான் 12 அங்குல அரக்குத்தட்டில் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடமும், அதே அளவு எல்.பி.யில் இருபது நிமிடத்துக்கு மேலும் பாட முடிந்தது. முன்னதை 'அகல்புரி' என்றும் பின்னதை 'நுண்புரி' என்றும் குறித்தால், எந்த ஊசி என்பதும் உடனே விளங்கும். அகல்புரிக்கு முனை ஏறத்தாழ மூன்று மில், நுண்புரிக்கு ஒரு மில். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய எஃகு ஊசியை நுண்புரியில் வைத்தால் அந்தத் தட்டு அத்தோடு கெட்டது. உப்புக்காற்றில் துருவேறிய ஊசிகள் டப்பா டப்பாவாக இங்கே கிடைப்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஸ்டீரியோ மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1950களின் இறுதியில் வந்த அம்முறையில் புரியின் இரு சரிவுகளும் 45 பாகையில் சாய்ந்து, ஒன்று இடப்பக்க ஒலியையும் மற்றது வலப்பக்க ஒலியையும் தாங்குகின்றன. 'இருசரிவுப் புரி' என்று எழுதிப் பார்த்தேன். ஸ்டீரியோ அல்லாத ஒற்றை ஒலித்தட்டின் புரிக்கும் சரிவு இரண்டுதான் என்பதால் அது பொருந்தவில்லை. இதற்கு நல்ல சொல் தோன்றுகிறவர்கள் எழுதுங்கள். பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலையை அதுவரை நிறுத்திவைக்கிறேன்.