அசைலேற்றி: கிரெலினைச் செயற்படுத்தும் நொதிக்கு ஒரு பெயர்

அன்பர்களுக்கு வணக்கம்.

'கிரெலின் ஓ-அசைல்டிரான்ஸ்ஃபரேஸ்' என்னும் நொதிக்குத் தமிழில் 'பசிநொதி' என்ற முன்மொழிவு சுருக்கமானதுதான். ஆயினும் ஏற்கத் தயங்குகிறேன். பசியைத் தூண்டுவது கிரெலின் என்னும் ஹார்மோனேயன்றி, அதைச் செயற்படுத்தும் இந்நொதியன்று. 1999-இல் கொஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையில் கண்டறிந்த அந்த ஹார்மோனுக்கும், பசியை வைத்தன்றி, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் செய்யும் செயலை வைத்தே பெயரிட்டார்கள். ஆகவே கிரெலின், கிரெலினாகவே இருக்கட்டும்.

2008-இல் அடையாளம் காணப்பட்ட இந்நொதி, எட்டுக் கரிம அணுக்கள் கொண்ட ஆக்டனாயில் தொகுதியை (அசைல் எனப்படும் கொழுப்பமிலத் தொகுதிகளுள் ஒன்று) துணைநொதி-ஏ-யிடமிருந்து பெற்று, 28 அமினோ அமிலங்களாலான கிரெலினின் மூன்றாம் இடத்துச் செரினில் உள்ள ஆக்சிஜனோடு பிணைக்கிறது. அப்பிணைப்பு இல்லாத கிரெலின், உயிரணுவில் அதை ஏற்கும் புரதமான ஏற்பியைத் தூண்ட வல்லதன்று. பெயரில் வரும் 'ஓ' அந்த ஆக்சிஜனைச் சுட்டுவதே. அதை ஆக்டனாயிலின் முதலெழுத்தாகக் கொண்டு 'எண்கரிம' என்று பெயர்ப்பது பிழை.

'அசைல்டிரான்ஸ்ஃபரேஸ்' என்பதற்கு 'அசைல் மாற்றி' என்றால் அசைலையே வேறொன்றாக மாற்றுவது போலவும், 'இடமாற்றி' என்றால் அரசு ஆணை போலவும் ஒலிக்கின்றன. 'கொழுப்பேற்றி' எளிய தமிழ்தான். ஆனால் 'கொழுப்பேறிப் போச்சு' என்று நாம் யாரைச் சொல்வோம் என்பது எல்லோருக்கும் தெரியும். 'அசைலேற்றி' என்பதே என் பரிந்துரை. மின்னேற்றம் என்ற சொல்லால் 'ஏற்றுதல்' அறிவியல் தமிழுக்குப் பழகியதே. ஏற்றுவது ஏற்றி, ஏற்பது ஏற்பி என்று நொதியும் ஏற்பியும் ஓரெழுத்தில் வேறுபட்டு நிற்பது படிக்கும் மாணவருக்கு நினைவிலும் தங்கும். துல்லியம் வேண்டும் இடத்தில் 'ஆக்சிஜன்வழி அசைலேற்றி' எனலாம்.

இந்நொதியின் ஆங்கிலச் சுருக்கம் 'கோட்', அதாவது ஆடு. ஆக்டனாயிக் அமிலத்தின் பழைய பெயரான கேப்ரிலிக் அமிலமும் ஆட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. அச்சிலேடையைத் தமிழில் துரத்த வேண்டியதில்லை.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சுகிறது. செயற்படும் வடிவை 'அசைலேறிய கிரெலின்' எனலாம். மற்றதை 'அசைலேறாக் கிரெலின்' என்றால், ஏறிய அசைலை இரத்தத்திலுள்ள எஸ்டரேஸ் என்னும் நொதிகள் பின்னர் நீக்கிவிட்ட கிரெலின் அதில் அடங்காது. 'அசைல் நீங்கிய' என்றாலோ தொடக்கத்திலேயே ஏறாதது விடுபடும். இரண்டையும் தழுவ 'அசைலிலாக் கிரெலின்' பொருந்துமா? இலக்கணம் அறிந்தோர் கருத்துரைக்க வேண்டுகிறேன்.