எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்ம்.டி., பிசியோ மாணவர்களைச் சேர்த்து உட்காரவைத்து ஒரு வகுப்பு: எப்படி நடத்துவது?

கேள்வி: வளாக_டியூட்டர், சென்னை

இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். 16 பேர், பி.எஸ்சி. நர்சிங் 16, பார்ம்.டி. (பார்மசி படிப்பு) 8, பிசியோதெரபி 8. சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி நேரம் கிடைத்திருக்கிறது. நோயாளியைப் பற்றித் தகவல் சொல்வது, தவறு கண்ணில் பட்டால் வாய் திறப்பது, இரண்டையும் பழக்க வேண்டும். லெக்சர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். என்ன கேஸ் கொடுப்பது? எம்.பி.பி.எஸ். பிள்ளைகளே பேசி முடித்துவிடாமல் எப்படிப் பார்ப்பது?

பதில் 1: கீழ்ப்பாக்கம்_மெடிசின்

ஆறு பேர் கொண்ட எட்டுக் குழு: எம்.பி.பி.எஸ். 2, நர்சிங் 2, பார்ம்.டி. 1, பிசியோ 1. நான்கு அறை, அறைக்கு இரண்டு குழு. ஒரு குழு செய்யும்போது மற்றது கவனிக்கும். அடுத்த கேஸில் மாற்றிக்கொள்ளலாம். கேஸ் ஓடுவது 10 நிமிடம், அதன்பின் உட்கார்ந்து அலசுவது 25 நிமிடம். நேரம் போதவில்லை என்று அலசலை வெட்டாதீர்கள். கற்றுக்கொள்வது அங்கேதான்.

எம்.பி.பி.எஸ். ஆதிக்கத்துக்குக் காரணம் குணம் மட்டுமில்லை. கேஸ் விவரம் முழுவதையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் மற்றவர்களிடம் கேட்க ஒன்றும் இருக்காது. தகவலைப் பிரித்து துறைக்கொரு அட்டையாகக் கொடுங்கள். உதாரணத்துக்கு ஒன்று:

58 வயதுப் பெண், சர்க்கரை நோயாளி, இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். காலை 10 மணி. பிசியோ அட்டை: நடக்கவைக்கப் போனால் வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. நர்சிங் அட்டை: 7.30க்கு இன்சுலின் போட்டாயிற்று, அரை இட்லிதான் இறங்கியது, இப்போது சி.பி.ஜி. (விரலில் குத்திப் பார்க்கும் ரத்தச் சர்க்கரை) 48. பார்மசி அட்டை: வீட்டில் போட்ட கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் சார்ட்டில் தொடர்கிறது. டாக்டர் அட்டை: இன்று வந்த ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 2.1 (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு, இது அதிகம்).

சுகர் இறங்கியதைக் கண்டுபிடித்து எல்லாக் குழுவும் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கொடுத்துவிடும். 15 நிமிடம் கழித்து சி.பி.ஜி. 104 என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கே மூச்சு விடுவார்கள். பார்மசி அட்டையையும் டாக்டர் அட்டையையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் ஆபத்து தீரவில்லை என்பது தெரியும்: கிட்னி சரியாக வேலை செய்யாததால் மாத்திரையும் இன்சுலினும் உடம்பில் நீடிக்கும், சுகர் மறுபடி இறங்கும். மாத்திரையை நிறுத்தி, டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பைத் தொடர்ந்து, மணிக்கொரு தடவை சி.பி.ஜி. பார்க்க வேண்டும். இதை ஒரு துறையால் தனியாகப் பிடிக்க முடியாது. கேஸ் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அவரவர் தம் துறை வேடத்தையே போடட்டும். நர்சிங் மாணவியை டாக்டராக நடிக்கவிட்டால் கலகலப்பாக இருக்கும், ஆனால் திங்கட்கிழமை வார்டில் அது பயன்படாது.

பதில் 2: சிஸ்டர்_டியூட்டர்

முதல் அரை மணியில், நோயாளியைப் பற்றிச் சுருக்கமாகத் தகவல் சொல்லும் எஸ்பார் (SBAR) முறையை மட்டும் பழக்குங்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் கோரிக்கை என்று நான்கு படி. ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். வார்டில் பேசுகிறபடியே பேசட்டும்:

"சார், ஆர்த்தோ பெண்கள் வார்டு, 12ஆம் பெட். பேஷண்ட் வியர்த்துக் கொட்டுறாங்க, பேச்சு குழறுது, சி.பி.ஜி. 48. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள், 7.30க்கு இன்சுலின் போட்டாச்சு, அரை இட்லிதான் சாப்பிட்டாங்க. சுகர் இறங்கிடுச்சுன்னு நினைக்கிறேன். 25 பர்சன்ட் டெக்ஸ்ட்ரோஸ் 100 எம்.எல். போட ஆர்டர் வேணும், நீங்க உடனே வரணும்."

முப்பது நொடிக்குள் அடங்கும். மாணவிகள் தடுக்குவது மூன்றாம், நான்காம் படியில். "கொஞ்சம் வந்து பாக்கறீங்களா சார்" என்று நிறுத்திவிடுவார்கள். அவசரம் இருக்கிறதா இல்லையா என்பதே எதிராளிக்குப் புரியாது. கணிப்பைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று ஊறிப்போன எண்ணம் அது. வெளிப்படையாகப் பேசித்தான் உடைக்க வேண்டும்.

எதிர்த்துச் சொல்ல மூன்று படி போதும்: "எனக்குக் கவலையா இருக்கு சார்", "இது எனக்குச் சரியாப் படலை சார்", "இது பேஷண்டுக்கு ஆபத்து, நிறுத்துங்க சார்". 'சார்' போடுவதால் வாக்கியம் பலவீனமாவதில்லை. "வந்து...", "இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று இழுப்பதுதான் பலவீனம். ஒவ்வொருவரும் எழுந்து நின்று, கேட்கிற குரலில், மூன்றையும் ஒரு தடவையாவது சொல்லட்டும்.

இன்னொன்று. அறைக்கு இரண்டு ஆசிரியர், இரண்டு துறையிலிருந்து. நர்சிங் டியூட்டர் பேசும்போது டாக்டர் குறுக்கே புகுந்தால், அன்றைய பாடம் அதுவாகவே ஆகிவிடும்.

பதில் 3: பார்மசி_கிண்டி

வாய்மொழி ஆர்டரைத் திருப்பிச் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொன்னவர், கேட்டுத் திருப்பிச் சொன்னவர், "ஆமாம், அதுதான்" என்று உறுதி செய்பவர் என மூன்று அடியும் இருக்க வேண்டும். "சரி சார்" என்பது திருப்பிச் சொன்னதாகாது. எண்ணில்தான் அதிகம் சறுக்கும்: ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலக் கேட்கும், தமிழில் இருபதும் அறுபதும் அப்படியே. எனவே இலக்கமாகப் பிரித்து "ஒண்ணு, அஞ்சு, பதினஞ்சு" என்று சொல்லப் பழக்குங்கள். எழுதும்போது யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுதட்டும். ஒற்றை 'யூ' எழுத்து பூஜ்யம்போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும்.

வளாக_டியூட்டர்: மிக்க நன்றி. மதிப்பெண் போடலாமா?

கீழ்ப்பாக்கம்_மெடிசின்: முதல் தடவை வேண்டாம், நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கவனிக்கும் குழுவின் கையில் ஆம்/இல்லை தாள் ஒன்று கொடுங்கள்: ஆர்டரைத் திருப்பிச் சொன்னார்களா, நான்கு அட்டையும் வெளியே வந்ததா, எத்தனையாவது நிமிடத்தில், யார் கேட்டு வந்தது. "வகுப்பு பிடித்ததா" என்ற கேள்வித்தாளை மட்டும் நம்பாதீர்கள். அதில் எப்போதும் நல்ல விடைதான் வரும். எம்.பி.பி.எஸ். தரப்பில் நேரத்துக்கு இழுபறி வந்தால், 2019 பேட்ச் முதல் உள்ள ஏட்காம் (AETCOM: மனப்பான்மை, நெறிமுறை, தகவல் தொடர்பு) பாடத்தில் தகவல் தொடர்புக்கான வகுப்பு நேரத்தைக் கேட்டுப் பாருங்கள்.