4 டிபி வாங்கினால் 2 டிபிதான் காட்டுகிறது: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா: புது 4 டிபி ஹார்ட் டிஸ்கை சர்வீஸ் பையன் காலையில் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டுப் போனான். திறந்தால் 2 டிபிதான் காட்டுகிறது. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ?

அருண்: கடைக்குக் கிளம்பாதீர்கள் பெரியப்பா. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். டிஸ்க் 1 வரிசையில் என்ன இருக்கிறது?

பெரியப்பா: 2048 ஜிபி என்று ஒரு கட்டம். பக்கத்தில் கறுப்புப் பட்டையோடு 1678 ஜிபி. அதில் எதுவும் செய்ய விடமாட்டேன் என்கிறது.

அருண்: 2048 என்றதுமே தெரிந்துவிட்டது. டிஸ்க் நல்ல டிஸ்க்தான், டிஸ்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் எம்பிஆர் என்ற பழைய முறையில் அந்தப் பையன் அமைத்துவிட்டான். 1983-இல் டாஸ் காலத்தில் வந்தது அது. பார்ட்டிஷன், அதாவது டிஸ்கில் பிரித்த ஒரு பகுதி, எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை செக்டார் கணக்கில் 32 பிட் எண்ணில் குறித்து வைக்கும். செக்டார் என்பது டிஸ்கின் சிறு துண்டு, ஒன்று 512 பைட். அந்த எண்ணின் உச்சத்தை 512-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2048 ஜிபியோடு, அதாவது 2 டிபியோடு, எண் தீர்ந்துவிடும்.

சுமதி அத்தை: எங்கள் வீட்டுப் பழைய டிஸ்குக்கும் இந்தத் தொல்லை வருமா?

அருண்: அது 1 டிபிதானே அத்தை, வராது. பெரியப்பா, உங்களுடையதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். அதில் 64 பிட் எண், 2 டிபியோடு தீராது. பார்ட்டிஷன் பட்டியலின் நகலை டிஸ்கின் கடைசியிலும் வைத்திருக்கும். டிஸ்க் 1 என்ற பெயர் மேல் ரைட் கிளிக், கன்வர்ட் டு ஜிபிடி.

பெரியப்பா: இருக்கிறது, ஆனால் மங்கலாக.

அருண்: உள்ளே பார்ட்டிஷன் இருக்கும்வரை அப்படித்தான், முதலில் அதை அழிக்க வேண்டும். அதில் ஏதாவது போட்டுவிட்டீர்களா?

பெரியப்பா: பானு கல்யாண வீடியோ.

பானு: அப்பா!!! 😱

பெரியப்பா: காப்பிதான் செய்தேன் அம்மா, பழைய டிஸ்கிலும் இருக்கிறது.

அருண்: பழையதை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, புதியதில் டெலிட் வால்யூம் கொடுங்கள். டிஸ்க் 1-தானா என்று நன்றாகப் பாருங்கள். டிஸ்க் 0-இல்தான் விண்டோஸும் கல்யாணமும் இருக்கின்றன.

பெரியப்பா: மாறிவிட்டது. ஃபைல்களை அடுக்கும் முறை என்டிஎஃப்எஸ்ஸா எக்ஸ்ஃபேட்டா என்று கேட்கிறது.

அருண்: கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் டிஸ்க், என்டிஎஃப்எஸ் போடுங்கள். கரண்ட் போய்ப் போய் வந்தாலும் எக்ஸ்ஃபேட்டைவிடத் தாங்கும். மேக்கிலும் விண்டோஸிலும் மாற்றி மாற்றிச் செருகும் டிஸ்க் என்றால்தான் எக்ஸ்ஃபேட். க்விக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் ராத்திரி வரை ஓடும்.

பெரியப்பா: இப்போது 3.63 டிபி. மீதி எங்கே?

அருண்: எங்கேயும் போகவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 1024-ஆக எண்ணுகிறது.

சுமதி அத்தை: அண்ணா, அந்த வீடியோவை என் பென்டிரைவில் போட்டு வையுங்கள், டிவியில் பார்க்கலாம்.

பெரியப்பா: 7 ஜிபி ஃபைல். ஏறமாட்டேன் என்கிறது.

அருண்: பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருக்கும், அது 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் ஏறும், டிவியும் அதைப் படிக்க வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், எதுவும் இல்லையே?

பெரியப்பா: சுமதியின் பக்திப் பாட்டு முழுக்க இதில்தான் இருக்கிறது.

சுமதி அத்தை: தொடாதீர்கள் அண்ணா! வேறு பென்டிரைவ் வாங்கித் தருகிறேன்.