எம்.பி., எம்.எல்.ஏ., கலெக்டர்: மேடையில் யாரை எங்கே உட்கார வைப்பது?

குடியாத்தம்_பிடிஏ:
குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறேன். எம்.பி. நிதியில் கட்டிய இரண்டு வகுப்பறைகளுக்கு அடுத்த மாதம் திறப்பு விழா. எம்.பி., எம்.எல்.ஏ., கலெக்டர், ஒன்றியக் குழுத் தலைவர், சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) எல்லாரும் வருகிறார்கள். போன தடவை ஆண்டு விழாவில் நாற்காலியில் பெயர்ச் சீட்டு ஒட்டாமல் விட்டுவிட்டோம், சீக்கிரம் வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் நேராகப் போய் நடுவில் உட்கார்ந்துவிட்டார், அவரை எழுப்பவும் முடியவில்லை, பின்னால் வந்த பிரமுகரை ஓரத்தில் உட்கார வைக்கவும் முடியவில்லை, கடைசியில் பிரமுகர் போட்ட பொன்னாடையோடு காரில் ஏறிப் போய்விட்டார். ஹெச்.எம். இன்னும் சொல்லிக் காட்டுகிறார். அரசாங்கத்தில் இதற்கு ஒரு பட்டியல் இருக்கிறதாமே? அதில் எம்.எல்.ஏ. முதலா, கலெக்டர் முதலா? புதன்கிழமை அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும்.

ஓய்வு_ரெவின்யூ:
இருக்கிறது தம்பி. குடியரசுத் தலைவர் செயலகம் 1979 ஜூலை 26-ல் வெளியிட்ட முன்னுரிமை வரிசை. குடியரசுத் தலைவர் 1, துணைத் தலைவர் 2, பிரதமர் 3, தன் மாநிலத்துக்குள் ஆளுநர் 4, முதல்வர் 7. 'தன் மாநிலத்துக்குள்' என்பதைக் கவனியுங்கள். சித்தூரில் 7-ல் இருக்கும் ஆந்திர முதல்வர் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிக் காட்பாடிக்கு வந்தால் 8. அந்த ஊர் ஆளுநர் வந்தாலும் 4-லிருந்து நேராக 8-தான். மத்திய இணை அமைச்சர் 10, மாநில கேபினட் அமைச்சர் 15, எம்.பி. 21, தலைமைச் செயலாளர் 23. பட்டியல் 26-ஓடு முடிகிறது. அதில் எம்.எல்.ஏ.வும் கிடையாது, கலெக்டரும் கிடையாது!

எம்.பி. விஷயத்தில் குழப்பமில்லை. அவர் மத்திய அரசின் செயலாளர்களுக்கும் மேலே இருப்பவர், அதை மனதில் வைத்து மேடையில் இடம் போடுங்கள் என்று மத்தியப் பணியாளர் துறை 2011-லேயே எழுதியிருக்கிறது. நடு நாற்காலி அவருக்கு, வலப்பக்கம் எம்.எல்.ஏ., இடப்பக்கம் கலெக்டர். இது நான் பார்த்த வழக்கம், சட்டமில்லை. எதற்கும் கலெக்டர் ஆபீசில் பி.ஏ. பொதுவிடம் (கலெக்டரின் நேர்முக உதவியாளர், பொது) ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்வீஸில் ஜூலை 10 அன்று வேலூர் மக்கான் பக்கம் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணில் மலர் வளையம் வைக்கும்போது, யாருக்குப் பின் யார் என்று எழுதிய சீட்டோடு நின்றிருக்கிறேன். வளையத்திலிருந்து சொட்டிய தண்ணீரில் மை கரைந்து மூன்றாவது பெயர் அழிந்துபோனது. அன்று வியர்த்த வியர்வை இன்னும் மறக்கவில்லை.

லாங்பஜார்_அச்சகம்:
தலைமை, முன்னிலை என்ற இரண்டு சொல் இல்லையென்றால் நம் ஊரில் பாதி விழா நடக்காது சார். கலெக்டர் தலைமை, எம்.எல்.ஏ. முன்னிலை, எம்.பி. திறந்து வைத்துச் சிறப்புரை, ஒன்றியக் குழுத் தலைவர் வாழ்த்துரை, சி.இ.ஓ. வரவேற்புரை, ஹெச்.எம். நன்றியுரை. எல்லாருக்கும் ஒரு வரி கிடைத்துவிடும், யார் மேலே என்று யாரும் சட்டென்று சொல்ல முடியாது. எழுத்து அளவு மட்டும் ஒன்றாக இருக்கட்டும், ஸ்கேல் வைத்து அளந்த ஆட்களை எங்கள் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். அப்புறம் கல்வெட்டு. எழுத்து வெட்டுவதற்கு முன் பெயர் வரிசையைப் பேப்பரில் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நோட்டீஸ் தப்பானால் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்ப அடிக்கலாம், கிரானைட்டுக்கு அது நடக்காது.

ராணிப்பேட்டை_ஆள்:
கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கர்நாடக நவாப் பட்டம் 1855-லேயே போய்விட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தில் வந்த ஆற்காடு இளவரசருக்குத் தமிழக அரசு விழாக்களில் இன்றும் மாநில கேபினட் அமைச்சருக்குச் சமமான இடம். இருப்பது சென்னை அமீர் மஹாலில், பெயரில் மட்டும் எங்கள் ஆற்காடு.

குடியாத்தம்_பிடிஏ:
பி.ஏ. பொதுவிடம் பேசிவிட்டேன், ஐயா சொன்ன வரிசையே சரி என்றார். இப்போது குத்துவிளக்கு. அதில் முகம் ஐந்து, ஹெச்.எம்.மோடு மேடையில் ஆறு பேர்.

ஓய்வு_ரெவின்யூ:
ஹெச்.எம். மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கையில் கொடுக்கட்டும். முதல் நாளே திரியை எண்ணெயில் ஊறப் போடச் சொல்லுங்கள், ஃபேனையும் அந்த நேரம் அணைத்துவிடுங்கள்.