தற்காப்பு சரி, பழி தப்பு: கோடு எங்கே இருக்கிறது?

வழிப்போக்கன்
தற்காப்புக்காகக் கொன்றால் சரி, பழிவாங்கக் கொன்றால் தப்பு. எல்லோரும் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டிலும் கடைசியில் தரையில் கிடப்பது ஒரு பிணம்தான். ஒருவனுக்குத் தட்டிக்கொடுத்தல், இன்னொருவனுக்குக் கைவிலங்கு என்பது எதனால்? வம்புக்கு இழுக்கவில்லை, நிஜமாகவே குழப்பம். கொலைக்கு நியாயம் உண்டா? உண்டு என்றால் அது எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது? திட்டாமல் பேசுங்கள்.

ஈட்டிமுனை
கோடு என்று எதுவும் கிடையாது. கத்தியோடு வருகிறவனை இன்றைக்குக் கொன்றால் தற்காப்பு. அதே ஆள் என் பிள்ளையைக் கொன்றுவிட்டு ஒரு மாதம் கழித்து எதிரே சிரித்துக்கொண்டு நிற்கும்போது கொன்றால் குற்றம். காலண்டரில் நாலு தாள் கிழிந்ததும் அறம் மாறிவிடுமா?

வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்மீனியர்களை லட்சக்கணக்கில் சாகடித்ததற்குப் பொறுப்பானவர், துருக்கியை மையமாகக் கொண்டிருந்த ஒட்டோமான் பேரரசின் அமைச்சர் தலாத் பாஷா. 1919இல் அவர் நாட்டு இராணுவ நீதிமன்றமே, ஆள் இல்லாமலேயே, அவருக்கு மரண தண்டனை விதித்தது. ஆளோ பெர்லினில் வேறு பெயரில் சுகமாக இருந்தார். 1921 மார்ச் 15 அன்று சொகோமோன் தெஹ்லிரியன் என்ற ஆர்மீனிய இளைஞர் பட்டப்பகலில் நடுத்தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார். ஜூன் மாதம் விசாரணை நடந்தது. ஜூரிகள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார்கள். விடுதலை! அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அறம் தெரியாதா?

தும்பை
"தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது
இன்னுயிர் நீக்கும் வினை."

குறள் 327. உன் உயிரே போனாலும் இன்னொரு உயிரை எடுக்காதே என்கிறார். பழிக்கு மட்டுமல்ல, தற்காப்புக்கும் அங்கே கதவு சாத்தியிருக்கிறது. என் கட்சி இதுதான். பேசுவதற்கு எளிது, நடப்பதற்குக் கஷ்டம் என்று எனக்கும் தெரியும்.

ஈட்டிமுனை
அதே வள்ளுவர் 550இல் என்ன சொல்கிறார்? "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்." களை பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கிப் போடு என்கிறார். அப்புறம், தும்பை என்பது போருக்குப் போகிறவன் சூடுகிற பூ. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அகிம்சை பேசுகிறீர்களே அம்மா.

தும்பை
பெயர் எங்கள் வாசலில் இருக்கும் செடியைப் பார்த்து வைத்தது, போரைப் பார்த்து அல்ல. குறளில் 'வேந்து' என்று இருக்கிறது. 'ஈட்டிமுனை' என்று இல்லை.

கறுப்பு அங்கி
தும்பை அவர்களின் கடைசி வரிக்கு என் ஓட்டு. 🙂

தெஹ்லிரியன் விஷயத்தில் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள் ஈட்டிமுனை. ஜூரிகள் "பழிவாங்கியது சரி" என்று எங்கும் சொல்லவில்லை. தெஹ்லிரியன் தரப்பு வழக்கறிஞர்கள் வாதாடியது அவருடைய மனநிலையை வைத்து. சுடும்போது தன்னிச்சையாக முடிவெடுக்கும் நிலையில் இருந்தாரா என்று மருத்துவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். கண்ணெதிரே தாய் கொல்லப்பட்டதை அவர் விவரித்தபோது நீதிமன்றமே கலங்கியது. ஆனால் அந்தப் படுகொலை நடந்தபோது அவர் அந்த இடத்திலேயே இல்லை. சுட்டதும் தனி ஆளின் ஆவேசம் அல்ல, பட்டியல் போட்டு வேலை செய்த ஒரு குழுவின் திட்டம். இவை பின்னால் வெளிவந்தன. குடும்பத்தை இழந்தது உண்மை, அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் பழியை அப்படியே பழியாகக் கொண்டுபோய் வைத்திருந்தால் அந்த விடுதலை கிடைத்திருக்குமா? அதற்கு வேறு சட்டை போட்டுவிட வேண்டியிருந்தது.

இனி வழிப்போக்கன் கேட்ட கோடு. எனக்குத் தெரிந்த சட்டத்திலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன். இந்தியாவில் 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 98ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 36. மனநிலை பிறழ்ந்த ஒருவர் உங்களைக் கொல்ல வருகிறார். அவர் செய்வது குற்றம் ஆகாது, ஏனென்றால் அவருக்குத் தான் செய்வது தெரியாது. ஆனால் உங்களுக்குத் தற்காப்பு உரிமை முழுசாக இருக்கிறது. எதிரே வருவது குற்றவாளியாக இருந்தால் எவ்வளவோ அவ்வளவு.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு பாவமும் அறியாதவரைக்கூடத் தடுத்து அடிக்கலாம். ஆனால் அவர்மீது பழிவாங்க முடியுமா? அந்த வார்த்தையே அங்கே ஒட்டாது. அப்படியானால் தற்காப்பு என்பது எதிராளி கெட்டவன் என்பதால் வருகிற உரிமையே அல்ல. அவன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்விக்கே அங்கே வேலை இல்லை, ஆபத்து இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழிக்கோ நேர் எதிர். ஆபத்து தீர்ந்து எவ்வளவு நாள் ஆனாலும் அதற்குக் கவலை இல்லை, குற்றம் ஒன்று இருந்தால் போதும். காலண்டர் தாள் மட்டும் மாறவில்லை ஈட்டிமுனை, கேட்கிற கேள்வியே மாறிவிட்டது.

வழிப்போக்கன்
இது எனக்குப் புதுசு. அப்படியென்றால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தற்காப்பு உரிமை இருக்க முடியுமா?

கறுப்பு அங்கி
முடியும். அதே பிரிவின் இரண்டாவது உதாரணம் அதுதான். ஒருவர் தனக்கு உரிமையுள்ள வீட்டுக்குள் ராத்திரியில் நுழைகிறார். உள்ளே இருப்பவர் திருடன் என்று நல்லெண்ணத்தோடு நம்பித் தாக்குகிறார். அவர்மேல் குற்றம் இல்லை. நுழைந்தவருக்கும் திருப்பி அடிக்கும் உரிமை உண்டு. இருவரில் யார் செத்தாலும் கொலைகாரன் என்று யாரும் இல்லை.

தும்பை
பார்த்தீர்களா, உங்கள் கோடு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று. இரண்டு நல்லவர்கள் இருட்டில் ஒருவரையொருவர் கொன்றுகொள்ளலாம், சட்டம் இருவருக்கும் நற்சான்றிதழ் தரும்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறதே, ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒரு கும்பல் கொல்ல வருகிறது, கும்பலுக்குள் சின்னக் குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள். சுட்டால்தான் பிழைக்கலாம் என்றால் சுடலாம், குழந்தைக்குக் காயம்பட்டாலும் குற்றமில்லை. பழைய 106, புதிய 44. அதைப் படித்த அன்றைக்குத்தான் நான் 327 பக்கம் சாய்ந்தேன்.

கறுப்பு அங்கி
நியாயமான அடி. சட்டம் அங்கே "குற்றமில்லை" என்கிறது, "நல்லது செய்தாய்" என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று காட்டிக்கொள்ளப் போவதில்லை.

ஈட்டிமுனை
நீங்கள் இருவரும் புத்தகத்தைப் புரட்டுகிறீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரைப் பற்றி யாருமே பேசவில்லை. 1981 மார்ச் மாதம், ஜெர்மனியில் லூபெக் நகர நீதிமன்றம். ஏழு வயது மகளைக் கொன்றவன் விசாரணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான். தாய் ஒளித்துக் கொண்டுவந்த துப்பாக்கியை எடுத்து அங்கேயே சுட்டுக் கொன்றாள். ஆறு வருடம் சிறை போட்டார்கள், பாதியிலேயே விட்டுவிட்டார்கள். ஏன் பாதியில் விட்டார்கள்? உள்ளுக்குள் எல்லோருக்கும் தெரியும், அவள் செய்தது தப்பு இல்லை என்று.

தும்பை
இரக்கம் காட்டினார்கள் என்றால் அவள் செய்ததை ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தமா? அந்தத் தாய்க்காக நானும் அழுவேன். அதற்காக அவள் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது.

நீங்கள் சொல்கிற இரண்டு கதையிலும் கொல்லப்பட்டவன் சரியான ஆள். பழி எப்போதும் சரியான முகவரிக்கா போகிறது? 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 11 இஸ்ரேலியர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குக் காரணமானவர்களைத் தேடிக்கொண்டு இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாட் கிளம்பியது. உளவுத் துறை, பயிற்சி, பணம் எல்லாம் இருந்தது. 1973 ஜூலையில் நார்வேயில் லில்லஹாம்மர் என்ற சிறு ஊரில் ஒருவரைச் சுட்டார்கள். சினிமா பார்த்துவிட்டுக் கர்ப்பிணி மனைவியோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். அவர் மொராக்கோவிலிருந்து வந்து ஓட்டலில் பரிமாறுகிற வேலை பார்த்தவர். ஆள் மாறிவிட்டது. ஒரு நாட்டின் உளவுத் துறைக்கே அடையாளம் தப்புகிறது. ஆத்திரத்தில் இருக்கும் தனி மனிதனை நம்பி எப்படி விடுவது?

ஈட்டிமுனை
நீதிமன்றமும்தான் ஆள் மாறித் தூக்கில் போட்டிருக்கிறது.

தும்பை
அதனால்தான் தூக்கும் வேண்டாம் என்கிறேன்.

அரைத்தூக்கம்
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால். இரவு இரண்டு மணி இருக்கும், மின்சாரம் இல்லை. பின்கட்டுக் கதவில் சத்தம். படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு கடப்பாரை கிடக்கும், அதை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே ஒருவன். கையில் கத்தி. என்னைப் பார்த்ததும் ஓடாமல் என் பக்கமாக வந்தான். வீசினேன். தோளில் பட்டது. கத்தி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவன் திரும்பி ஓடினான்.

நான் துரத்தினேன். ஏன் துரத்தினேன் என்று கேட்காதீர்கள். வாசலிலிருந்து சுற்றுச்சுவர்வரை பத்தடி இருக்கும். சுவரில் ஏற முடியாமல் சறுக்கி விழுந்தான். ஒரு கை தூக்க வரவில்லை, இன்னொரு கையைத் தூக்கி "வேண்டாம்ணே" என்றான். அண்ணன் என்கிறான். நான் கடப்பாரையை ஓங்கிக்கொண்டு நிற்கிறேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். உள்ளே வீசும்போது எனக்குக் கை கால் எல்லாம் நடுக்கம். சுவரோரம் நிற்கும்போது துளி பயம் இல்லை. கத்தி உள்ளே கிடக்கிறது என்று தெளிவாகத் தெரியும். மனசு அவ்வளவு அமைதியாக, கிட்டத்தட்ட சந்தோஷமாக இருந்தது. உள்ளேயிருந்து மகள் "அப்பா" என்று கூப்பிட்டாள். கையை இறக்கினேன். அவன் எப்படியோ ஏறிக் குதித்துப் போய்விட்டான்.

அதே கடப்பாரை, அதே கை, அதே ஆள். இடையில் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் முதல் வீச்சில் அவன் செத்திருந்தால் இன்றைக்கு இங்கே எழுதியிருப்பேன். இரண்டாவதில் செத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

கறுப்பு அங்கி
எழுதியதற்கு நன்றி. சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்குகிறது, அச்சம் இருக்கும்வரைதான் அது இருக்கும். கத்தி கீழே விழுந்து அவன் திரும்பி ஓடியபோது உங்கள் உரிமையும் முடிந்துவிட்டது. அறம் என்ற கோணத்தில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விளக்கம் தந்திருக்கிறார். தன் உயிரைக் காப்பதுதான் நோக்கம், எதிராளியின் சாவு நோக்கத்துக்கு வெளியே நடக்கிற விளைவு, அதனால் அளவோடு செய்த தற்காப்பு பாவம் ஆகாது. நீங்கள் தோளில் அடித்தது அதற்கு நல்ல உதாரணம்.

அரைத்தூக்கம்
சார், தப்பாக நினைக்காதீர்கள். நான் தோளுக்குக் குறிவைக்கவில்லை. தலைக்குத்தான் வைத்தேன். அவன் குனிந்துவிட்டான்.

வழிப்போக்கன்
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்ய வரவில்லை.

தும்பை
அண்ணா, உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 327ஐ நான் உங்கள் வீட்டு இருட்டில் நின்று சொல்லவில்லை, வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். ஆனாலும் ஒன்று: அவன் குனியாமல் இருந்திருந்தால், "குற்றமில்லை" என்ற காகிதம் கையில் இருந்திருந்தாலும், நீங்கள் நிம்மதியாக இருந்திருப்பீர்களா?

அரைத்தூக்கம்
இருந்திருக்க மாட்டேன். ஆனால் உள்ளே மகள் இருந்தாள். மறுபடி நடந்தால் மறுபடியும் தலைக்குத்தான் வீசுவேன். இரண்டும் உண்மை.

மஞ்சள்விளக்கு
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அச்சம் இருக்கும்வரை உரிமை என்கிறீர்கள். ஆபத்து வருகிறது, போகிறது. உங்கள் கணக்கில் ஆபத்து எப்போதும் வெளியிலிருந்து வரும் ஆள், அவன் ஓடியும் போவான். ஓடாத ஆளை என்ன செய்வது?

கிரண்ஜித் அலுவாலியா. இங்கிலாந்தில் பத்து வருடம் கணவனிடம் அடியும் சூடும் வாங்கியவர். 1989இல் ஒரு ராத்திரி, அவன் தூங்கும்போது பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். அவன் பிறகு இறந்துபோனான். ஆயுள் தண்டனை. திடீர் ஆத்திரத்தில் செய்திருந்தால் குறைத்திருப்போம், இவர் காத்திருந்து செய்தார் என்றார்கள். 1992இல் மேல்முறையீட்டில் கொலைக் குற்றம் ரத்தாகி, மன அழுத்தத்தின் அடிப்படையில் குறைந்த குற்றமாக மாறி, வெளியே வந்தார்.

அரைத்தூக்கம் அண்ணனுக்குக் கடப்பாரை இருந்தது, எதிரே நின்று வீசுகிற பலம் இருந்தது. அவன் விழித்திருக்கும்போது எதிர்த்தால் செத்துப்போவோம் என்று தெரிந்தவளுக்கு, அவன் தூங்குகிற நேரம் தவிர வேறு நேரம் ஏது? அது தற்காப்பா, பழியா?

ஈட்டிமுனை
இரண்டும். இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கறுப்பு அங்கி
இல்லை, நீங்கள் சொன்னது வேறு. நீங்கள் ஆபத்து முடிந்த பிறகும் கொல்லலாம் என்றீர்கள். மஞ்சள்விளக்கு கேட்பது, அந்த வீட்டில் ஆபத்து எப்போது முடிந்தது என்று. அதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. திடீரென்று வரும் ஆத்திரத்துக்குச் சலுகை தருவது பலமுள்ளவர்களுக்குச் சாதகமான அளவுகோல் என்ற வாதம் அங்கேயே வலுத்தது. 2009இல் வந்த சட்டத்தில் 'தன்வசம் இழத்தல்' திடீரென்று நடந்திருக்க வேண்டியதில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனாலும் அது தண்டனையைக் குறைக்கிற வழிதான், முழுத் தற்காப்பு ஆகாது. முழுத் தற்காப்பு என்று ஏற்றுக்கொண்டால் "நாளைக்கு என்னைக் கொல்லப்போகிறான்" என்று சொல்லும் எல்லோருக்கும் கதவு திறக்கும். ஈட்டிமுனை முதல் ஆளாக உள்ளே நுழைவார்.

மஞ்சள்விளக்கு
கதவைத் திறக்கச் சொல்லவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவளுக்கு வேறு கதவு இருந்ததா என்று முதலில் கேளுங்கள் என்கிறேன். அவள் யாரிடமும் சொல்லவே இல்லையா, சொல்லியும் திருப்பி அனுப்பினார்களா என்று. அந்தக் கேள்வியைக் கேட்காமல் "ஏன் காத்திருந்தாய்" என்று மட்டும் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

தும்பை
இந்தப் பெண்ணிடம் போய் 327ஐச் சொல்ல மாட்டேன். அது எனக்கு நானே சொல்லிக்கொள்வது. இன்னொருத்தியின் உயிரை வைத்து நான் அகிம்சை பழக முடியாது. சரி, இந்த இடத்தில் என் கட்சி சறுக்குகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஈட்டிமுனை
தும்பை ஒப்புக்கொண்டதால் நானும் ஒன்று சொல்கிறேன். லில்லஹாம்மர் விஷயம் எனக்குத் தெரியாது. நேற்றுத் தேடிப் படித்தேன். அந்தக் கர்ப்பிணிப் பெண் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. லூபெக் தாய் விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை.

அரைத்தூக்கம், ஒரே ஒரு கேள்வி. மகள் கூப்பிடாமல் இருந்திருந்தால்?

அரைத்தூக்கம்
அதைத்தான் சார் இத்தனை வருடமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இப்போது பதினாறு வயது. அன்றைக்கு ஏதோ கெட்ட கனவு கண்டு கூப்பிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.