ஸ்கவுட் குழுவுக்கு உதவக் கூப்பிடுகிறார்கள், எனக்கு ஒரு முடிச்சுகூடப் போடத் தெரியாது

ஈரோட்டு அப்பா:
பையனுக்கு 12 வயது. எங்கள் ஏரியாவில் ஞாயிறு காலை நடக்கும் ஸ்கவுட் குழுவில் ஒரு வருடமாக இருக்கிறான், பள்ளிக்கூடத்தோடு சேராத ஓப்பன் குரூப். 28 பிள்ளைகளுக்கு ஒரே மாஸ்டர், அவரும் ரிடையர் ஆனவர். போன வாரம் பெற்றோரைக் கூப்பிட்டு, "யாராவது ரெண்டு பேர் கைகொடுங்க" என்று கேட்டார், எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தபடி நின்றோம். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான், ஞாயிறு மட்டும்தான் லீவு. போய் என்ன செய்வேன்?

பழைய சாரணன்:
கணக்கு எழுதுவீர்கள் இல்லையா அண்ணா, அது போதும். மாஸ்டர்கள் அலுத்துப்போவது பிள்ளைகளால் இல்லை. முகாமுக்குப் பணம் வாங்குவது, ரசீது, பஸ் பேசுவது, பெற்றோர் கடிதம், இந்த வேலைகளால்தான். குழுக் கமிட்டி என்று ஒன்று இருக்கவேண்டும், கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பேப்பரில் மட்டும் இருக்கும். மாதத்தில் இரண்டு ஞாயிறு என்று சொன்னால் இரண்டும் வாருங்கள். முதல் மாதம் நாலு வாரமும் வந்துவிட்டு அப்புறம் காணாமல் போனவர்களை நிறையப் பார்த்தாயிற்று. முடிச்சை உங்கள் பையனே சொல்லித் தருவான்.

மலர்விழி:
ஒரு விஷயம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் ஒருவரும் கட்டாயம் வேண்டும். இது உங்கள் மேல் சந்தேகம் இல்லை, உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012 போக்சோ சட்டப்படி, அப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம், அதையும் முதலில் படித்துவிடுங்கள். கொஞ்ச நாள் கழித்துப் பிடித்திருந்தால் பாரத சாரண சாரணியர் இயக்கம் நடத்தும் பேசிக் கோர்ஸுக்குப் போகலாம்.

தென்னந்தோப்பு:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஆள் இல்லாமல் கெட்டதைவிட, வந்த ஆள் சும்மா இருக்காமல் கெட்டதே எங்கள் குழுவில் அதிகம். ஒரு முகாமில் பிள்ளைகள் விறகடுப்பில் பொங்கல் வைத்தார்கள். அடி பிடிக்கிற வாசனை வந்ததும் ஒரு அப்பா ஓடிப்போய்க் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார், அணித்தலைவன் முகம் சுண்டிப்போனது, அதோடு அந்த ஆறு பேரும் அடுப்புப் பக்கமே வரவில்லை. 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், ஸ்கவுட் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் வைத்த முதல் முகாமிலேயே பையன்களை நாலு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். பெரியவர் நெருப்பையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டால் போதும், பொங்கல் தீய்ந்தால் தீயட்டும்.

ஈரோட்டு அப்பா:
எல்லோருக்கும் நன்றி. இன்று போனேன். "கணக்கு வேண்டுமானால் பார்க்கிறேன் சார்" என்றதும் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டார், உள்ளே மூன்று வருட ரசீது, ரப்பர் பேண்டு இத்துப்போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனைவியும் மாதம் ஒரு ஞாயிறு வருகிறேன் என்கிறாள். பையன் மட்டும், "அங்க என்னைச் செல்லப்பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது" என்று கண்டிஷன் போட்டிருக்கிறான்.