புது மலை வண்டி கொதிக்கிறது: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

சாமைக்காடு:
பைக் வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. 640 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 250 சிசி, ரேடியேட்டர் உள்ள ஒற்றை சிலிண்டர் எஞ்சின். போன ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டிச் சாமை வயல்களுக்கு நடுவே போகும் கல்பாதையில் முதல் கியரிலேயே இருபது நிமிடம் ஏறினேன். விசிறி நிற்காமல் ஓடியது. பிறகு எஞ்சின் சூட்டை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்தினால், என் இடது காலணிக்குப் பக்கத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைத் திரவமான கூலன்ட் சொட்டி, பாறையில் விழுந்து ஆவியாகிக்கொண்டிருந்தது. டிசம்பர் குளிரிலேயே இந்த நிலை. சர்வீஸில் "மலைக்குப் போனால் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உடன் வந்த நண்பர், எஞ்சின் சூடேறிய பிறகே கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்கிறார். தவணை கட்டி வாங்கிய வண்டி. கை வைக்கவே பயமாக இருக்கிறது.

காற்றோட்டம்:
நண்பர் சொன்னது சரி, கழற்றுங்கள். நோய் வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து, மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளந்து அளந்துதான் விடுகிறார்கள். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் சற்றுத் தாராளமாகப் போகும். அந்தக் கூடுதல் பெட்ரோலே எஞ்சினைக் குளிர்வித்தது. இப்போது அது இல்லை. ஆகவே தண்ணீர் தடையில்லாமல் ஓட வழி விடுங்கள். கூலன்டையும் வடித்துவிட்டு வெறும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு இணை எதுவும் இல்லை.

பட்டறைத்தூசி:
தம்பி சாமைக்காடு, தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். சிவப்பு விளக்கு எரியும் சூட்டில் தெர்மோஸ்டாட் ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கும். திறந்த கதவைப் பெயர்த்து எடுத்து என்ன லாபம்? மலையில் பயன் இல்லை. சமதளத்திலோ எஞ்சின் சூடேறவே ஏறாது. இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்து எஞ்சினின் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகாது. புது எஞ்சினுக்கு இதைவிடக் கெடுதல் இல்லை.

வெறும் தண்ணீர் வெப்பத்தை நன்றாகச் சுமக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீக்கிரம் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியில் 1.1 (பார் அழுத்தம்) என்று பொறித்திருந்தால், அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை 125ஐத் தாண்டியும் தாங்கும். அரிப்புத் தடுப்பு இல்லாத தண்ணீர் அலுமினியத்தையும் தின்னும்.

காற்றோட்டம்:
தெர்மோஸ்டாட் திறந்திருக்கும் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் ஐயா? புதுப் பொருளும் சிக்கிக்கொள்ளும். பாதி திறந்த நிலையில் நின்றுவிட்டால்?

பட்டறைத்தூசி:
நியாயமான கேள்வி. அதற்குச் சோதனை இருக்கிறது. கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். கொதிப்பதற்கு முன்பே வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிதாக ஒன்று மாட்டுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள்.

ஆனால் அதுவரை போகவே வேண்டாம் என்று நினைக்கிறேன். இரவு முழுக்க ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தீர்களா? பக்கத்தில் இருக்கும் கூலன்ட் பாட்டிலில் அளவு சரியாக இருந்தால் போதும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துபோகும்.

கல்பாதைக்காரி:
யாரும் கிளட்ச் பற்றிப் பேசவில்லையே. இருபது நிமிடம் முதல் கியரில் ஏறினேன் என்கிறார். அதில் எத்தனை நிமிடம் கிளட்சைப் பாதி பிடித்தபடி இருந்தார்? வழுக்கும் கிளட்ச் தகடுகளின் சூடு ஆயிலில் இறங்குகிறது, அதே ஆயில்தான் எஞ்சினுக்குள்ளும் சுற்றுகிறது. நடை வேகத்தில் ரேடியேட்டரில் காற்றும் படாது. விசிறி எவ்வளவுதான் செய்யும்? நான் செயினை இழுக்கும் முன்பக்கப் பற்சக்கரத்தை, அதாவது ஸ்பிராக்கெட்டை, ஒரு பல் குறைத்துப் போட்டேன். அதே ஏற்றத்தில் கிளட்சைத் தொடும் வேலை பாதியாகக் குறைந்தது.

இன்னொன்று, ரேடியேட்டருக்கு முன்னால் கம்பி வலை மாட்டியிருக்கிறீர்களா, சாமைக்காடு? என் வலையில் ஒருமுறை புல் விதையும் சேறும் அப்பி, விரல் நகத்தால் சுரண்டித்தான் எடுத்தேன். அதற்காக உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கினால் காற்றின் வழி அடைபட்டுவிடும்.

காற்றோட்டம்:
ஓட்டுபவர் மீது பழி போடுவதை நான் ஏற்க மாட்டேன். மலையேற என்று சொல்லி விற்ற வண்டி மலையேற வேண்டும். கூலன்ட் வெளியே கொட்டுவது ஓட்டும் பழக்கத்தின் குறை அல்ல. பணம் கொடுத்தவர் ஏன் ஸ்பிராக்கெட் மாற்ற வேண்டும்?

பட்டறைத்தூசி:
அதில் உங்களோடு நிற்கிறேன். விசிறி ஓடுவது குறை அல்ல, அதன் வேலையே அதுதான். கொட்டியது குறைதான். அதனால்தான் உள்ளே அளவு பார்க்கச் சொல்கிறேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுப் போனால், நாளை வாரண்டி கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

சாமைக்காடு:
இன்று காலை பார்த்தேன். பாட்டிலில் அளவு மேல்கோட்டில் இருக்கிறது. ரேடியேட்டருக்குள் மூன்று விரற்கடை காலி! எழுதும்போதும் மனம் பதறுகிறது. 640 கிலோமீட்டரும் இப்படியே ஓட்டியிருக்கிறேன் போலும்.

உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற, அப்பாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முன் சக்கரத்தைத் திண்ணையில் ஏற்றினேன். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மேல் குழாயைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கோலிக்குண்டு அளவில் குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஊற்ற ஊற்ற உள்வாங்கியது. ஏறக்குறைய 250 மில்லி போயிற்று. குமிழி நின்றதும், சூடேறுமுன் மூடிவிட்டேன். மூடியின் ரப்பர் வளையத்தில் ஓர் ஓரம் நசுங்கியிருக்கிறது. புது மூடி கேட்டிருக்கிறேன்.

பட்டறைத்தூசி:
வளையம் நசுங்கினால் அழுத்தம் நிற்காது, கூலன்டும் முன்கூட்டியே கொதித்துப் பாட்டிலுக்கு ஓடும். ஆறும்போது திரும்ப உறிஞ்சப்படாமல் காற்று உள்ளே போகும். புது மூடி வரும்வரை ஏறாதீர்கள்.

சாமைக்காடு:
புது மூடி மாட்டி, நேற்று அதே கல்பாதையில் ஏறினேன். விசிறி மூன்று முறை ஓடி ஓடி நின்றது. சிவப்பு விளக்கு எரியவில்லை. வலையையும் கழற்றிக் கழுவிவிட்டேன்.

காற்றோட்டம்:
மகிழ்ச்சி. ஆனால் இது மார்கழிக் குளிர். சித்திரை வெயிலில் அதே ஏற்றம் ஏறிவிட்டு இங்கே எழுதுங்கள். பெட்ரோல் அளவைப் பற்றி நான் சொன்னதை அதுவரை திரும்பப் பெற மாட்டேன்.